எரியாத பின்விளக்கு

தை மாதம், செவ்வாய் இரவு.

பழைய காரில் மீட்டர் விளக்கு அணைந்துவிட்டது. புது ஃபியூஸ் போட்டேன், சுவிட்சைத் தட்டியதுமே அதுவும் போய்விட்டது. மன்னார்குடி மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன்.

"ஐயா, பின்னாடி செவப்பு லைட்டு எரியுதா பாருங்க. ரெண்டுக்கும் ஒரே ஃபியூஸ்தான்."

போய்ப் பார்த்தேன். எரியவில்லை.

"எலி ஒயரைக் கடிச்சிருக்கும். பக்கத்துல நெல்லு கில்லு வச்சிருக்கீங்களா?"

கொள்முதல் நிலையத்தில் எடுக்காத மூட்டைகளைக் கார் கொட்டகையில் அடுக்கியது நான்தான். மெக்கானிக் காலையில்தான் வருவானாம். என் மனைவி கமலத்தை விடியும் முன்பே டயாலிசிஸுக்குத் தஞ்சாவூர் கொண்டுபோக வேண்டும். நாளை முகூர்த்தம், வாடகைக் கார் எங்கும் இல்லை. போன மாதம் ஒரு தடவை தவறியதற்கே மூச்சு முட்டி, இரவெல்லாம் உட்கார்ந்தே கிடந்தாள். பின்விளக்கில்லாமல் இருட்டில் போனால் வைக்கோல் லாரி மேலே ஏறிவிடும்.

"லாரிக்காரன் கண்ணுல நாம படணும், அவ்வளவுதானே? நான் பின்சீட்டுல திரும்பி உக்காந்து டார்ச்சு அடிக்கறேன். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க, அது போதும்" என்று சிரித்தாள்.

டார்ச்சில் சிவப்பு ரவிக்கைத் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, அதைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். ஊசி குத்திக் குத்திப் புடைத்த கையில்தான் பிடித்திருக்கிறாள்.