வேணுஜாவை மட்டும் எடுத்த வீடியோ

ஜேர்மனி
4.3.2025

அன்பும் மதிப்பும் உள்ள கமலா அக்காவுக்கு,

உங்கள் புஸ்பம் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம். அங்கே நீங்களும் மகன் ஐங்கரனும் மருமகளும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஊன்ட்றொப் கோயில் அம்பாளைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உங்கள் முழங்கால் எப்படி? கனடாக் குளிர் எங்கள் குளிரைவிடப் பொல்லாதது என்று சொல்கிறார்கள். கம்பளிக் காலுறை போடாமல் வெளியே போகாதீர்கள்.

கையில் போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் கதைத்தால் மகன் சுரேன் பக்கத்தில் இருப்பான். வட்சப்பில் குரல் போட்டால் மருமகள் சுபானி கேட்டுவிடுவாள். இது நீங்கள் தனியே இருந்து வாசிக்க வேண்டிய விஷயம்.

பேத்தி வேணுஜா வருகிற வைகாசியோடு பள்ளிக்கூடப் படிப்பை முடிக்கிறாள். உங்கள் இடுப்புயரம் நின்ற பிள்ளை இப்போது தகப்பனைவிட உயரம். அவளுக்கு உடம்பின் அசைவைப் பற்றிய படிப்புப் படிக்க வேண்டும், ஐஸ் ஹொக்கியும் விளையாட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் வேண்டும். ஜேர்மனியில் யூனிவர்சிட்டி என்றால் படிப்பு மட்டும்தான். விளையாட்டு வேறு ஊரில், வேறு கழகத்தில். கனடாவில் கல்லூரிக்கே பெண்கள் அணி இருக்கிறதாம், பயிற்சி தருகிற ஆளும் கல்லூரிச் சம்பளக்காரராம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எங்கள் குசினி மேசையில் வேறு கதையில்லை. கல்லூரிப் பெயர் எழுதிய தாள் ஒன்று குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டியிருந்தது. ஒன்றில் அணி இருந்தால் அவளுடைய படிப்பு இல்லை. படிப்பு இருந்தால் ஆண்களுக்கு மட்டும் அணி. இருபத்தி மூன்று பெயரில் வெட்டி வெட்டிக் கடைசியில் ஐந்து மிஞ்சியது.

அக்கா, அந்தத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாங்கள் இருவரும் கூட்டித் துடைத்த அந்த ஐஸ் சறுக்கு மண்டபம், ஐஸ்ஹாலேதான் ஞாபகம் வரும். சுபானிக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை, சுரேன் லொறியோடு ரோட்டில். ஐந்து வயதுப் பிள்ளையை விட இடமில்லாமல் நான் வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். வாடகைக்குக் கொடுக்கிற சறுக்குச் சப்பாத்துகளில் ஆகச் சின்னச் சோடியைத் தேடி எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டது நீங்கள்தானே. நான் பயந்து நிற்க, “விழுந்தால் எழும்பும், உமக்கென்ன?” என்று என்னைப் பேசினீர்கள். பிடித்துப் பழகுவதற்குப் பென்குவின் பொம்மை ஒன்றைக் கொடுத்தால் அவள் வேண்டாம் என்று உங்கள் தும்புத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மண்டபத்துக்குப் பொறுப்பான ஹவுஸ்மைஸ்டர் கிழவன் வந்து பார்த்துவிட்டு, பார்க்காதது மாதிரி மற்றப் பக்கம் திரும்பிப் போனான். நல்ல மனிசன். போன வருடம் செத்துப்போனான். நான் செத்தவீட்டுக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன். வேலையிடத்திலிருந்து வந்த தெரிந்த முகம் நான் மட்டும்தான் என்று அவன் மனைவி என் கையை விடவேயில்லை.

நாங்கள் ஐஸ் தளத்தின் கரையோரமாகத் துடைத்துக்கொண்டு போகப் போக, அவள் எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக வழுக்கிக்கொண்டு போவாள். முன்பக்கமாகப் போனால் நாங்கள் மறைந்துவிடுவோம் என்ற பயம். நீங்கள் போர்த்திவிட்ட சிவப்புச் சால்வை நிலத்தில் இழுபடும். அந்த இரண்டு வருடமும் எவ்வளவு சந்தோசமாக இருந்தோம் என்று அப்போது தெரியவில்லை. கை வெடித்தது, முதுகு நொந்தது என்றுதான் கதைத்தோம். உங்கள் தேத்தண்ணிப் போத்தலில் இஞ்சி மணக்கும். இப்போது அந்த மணத்துக்காக நானும் இஞ்சி போட்டுப் பார்க்கிறேன், சரிவருவதில்லை.

நீங்கள் கனடாவுக்குப் போன பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். பதினைந்து வயதுவரை பெடியன்களின் அணியில் ஒரே பெட்டையாக விளையாடினாள். பிறகு கொலோன் பக்கத்துப் பெண்கள் அணி. சனிக்கிழமைகளில் ரயிலில் நானும் கூடப் போவேன். அவளுடைய பை என்னைவிடப் பாரம், அதன் மணத்தைப் பற்றி எழுதவே மாட்டேன். ஒருமுறை கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்தபடி தேருக்கு வந்தாள். அங்கே ஒரு மனிசி என்னைப் பிடித்து, “அக்கா, பொம்பிளைப்பிள்ளைக்குப் பல்லு உடைஞ்சால் பிறகு ஆர் கட்டுறது?” என்று கேட்டாள். “அவள் பல்லு வைத்தியர் ஒருத்தரைக் கட்டுவாள், நீர் போய்ப் பிரசாதம் வாங்கும்” என்று சொன்னேன். நீங்கள் இருந்திருந்தால் இதைவிட நன்றாகச் சொல்லியிருப்பீர்கள்.

சுபானிக்குச் சனிக்கிழமையும் வேலை. ஒரு ஆட்டமும் பார்க்கக் கிடைக்காது. அதனால் போனில் எடுத்துக்கொண்டு வாருங்கள் மாமி என்று கேட்டாள். தாய்க்குப் பிள்ளையைக் காட்டத்தானே எடுக்கிறேன், ஆகையால் பிள்ளையை மட்டும் எடுத்தேன். அவர்கள் தடியால் அடிக்கிற அந்தக் கறுத்த வட்டு எங்கே போனாலும் எனக்கென்ன? இவள் ஒரு நிமிடம் ஓடிவிட்டு வந்து ஓரத்து வாங்கில் குந்தியிருந்தால் அந்த வாங்கையும் எடுப்பேன். தண்ணீர் குடிப்பதை எடுப்பேன். சுரேன் பார்த்துவிட்டுத் தலையில் கைவைப்பான். “அம்மா, கோல் விழுந்திட்டுது, சனம் கத்துது, நீங்கள் இவள் சப்பாத்து நூல் கட்டுறதை எடுத்துக்கொண்டிருக்கிறியள்!” என்பான். மூன்று வருடமாக இதே பகிடிதான் வீட்டில்.

கல்லூரிகளுக்கு விளையாட்டு வீடியோ அனுப்ப வேண்டுமாம். வேணுஜா கோல் போடுகிறவள் இல்லை, எங்கள் பக்கம் கோல் விழாமல் தடுக்கிறவள். தேடித் தேடி நாலு கோலை வெட்டி ஒட்டி அனுப்பினாள். நாலு இடத்திலிருந்து நல்ல வார்த்தையில் இல்லை என்று பதில் வந்தது. ஐந்தாவது கல்லூரியின் பயிற்சியாளர் அம்மா மட்டும், முழு ஆட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டா. முழு ஆட்டம் என்று வீட்டில் இருந்தது நான் எடுத்தவை மட்டும்தான். பிள்ளை அழாத குறை. “இது என்ர அப்பம்மா எடுத்தது, மன்னிக்கவும் எண்டு எழுதிப்போட்டுத்தான் அனுப்பினனான்” என்று என்னிடமே வந்து சொன்னாள். எனக்கு அன்றிரவு முழுக்க, என்னால் பிள்ளையின் காரியம் கெட்டுப்போனதே என்று இருந்தது.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. அக்கா, அதைச் சுரேன் தமிழில் வாசித்துக் காட்டினான். எல்லோரும் கோலைத்தான் அனுப்புகிறார்கள், வட்டு தன்னிடம் இல்லாத நேரத்தில் ஒரு பிள்ளை என்ன செய்கிறாள் என்பதை இப்போதுதான் முழுதாகப் பார்த்தேன் என்று எழுதியிருந்தா. விழுந்த பிள்ளையை எழுப்பப் போகிறாளாம். வாங்கில் இருந்து அடுத்துப் போகிறவளுக்கு ஏதோ சொல்லிக்கொடுக்கிறாளாம். தோற்கும்போதும் தலை குனியவில்லையாம். பின்பக்கமாக இவ்வளவு நன்றாக ஓட எங்கே பழகினாள் என்றும் கேட்டிருந்தா. நான் உங்கள் பெயரைச் சொன்னேன்.

இடம் தருகிறார்கள். செலவில் பெரும்பங்கையும் கல்லூரியே பார்க்கும். இந்த மாதம் முப்பத்தோராம் திகதிக்குள் ஓம் என்று எழுத வேண்டும். எழுத விடாதது சுரேன்.

அவனில் பிழையில்லை. நாங்கள் அகதியாக ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கும்போது அவனுக்கு எட்டு வயது. நான் அவன் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் இரண்டு நாள் தழும்பு இருந்தது. “தெரிஞ்ச முகம் ஒண்டும் இல்லாத ஊரில இறங்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். அங்க எங்கட ஆள் ஒராள் இருந்தால் விடுவன், இல்லாட்டி ஏலாது” என்று சொல்லிவிட்டான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள் இருக்கிறாள். சுபானி இருவருக்கும் நடுவில் சாப்பாட்டுக் கோப்பையோடு நிற்கிறாள்.

கல்லூரியிலிருந்து உங்கள் வீடு பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம்தானாம். வேணுஜா வரைபடத்தில் காட்டினாள். வீட்டில் வைத்திருக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அவளுக்கு அங்கேயே விடுதி இருக்கிறது. ஒரு காய்ச்சல் என்றால் போய்ப் பார்க்க, ஒரு தீபாவளிக்குக் கூப்பிட்டுச் சோறு போட, அவசரத்துக்குக் கூப்பிடுகிற ஆள் என்று கல்லூரித் தாளில் எழுத ஒரு பெயர் வேண்டும். மகன் வீட்டில் இருக்கிற உங்களுக்கு இது இலேசான காரியமில்லை என்று தெரியும். ஐங்கரனையும் மருமகளையும் கேளுங்கள். அவர்கள் மனம் ஒப்பினால், இருபத்தி மூன்றாம் திகதி ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குக் காலை பத்து மணிக்குச் சுரேனுக்குப் போன் எடுங்கள். எங்களுக்கு அப்போது பின்னேரம் மூன்று மணி, எல்லோரும் வீட்டில் இருப்போம். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். கேள்விப்பட்டேன் என்று சொல்லுங்கள்.

தயவுசெய்து பிந்த விடாதீர்கள். சுரேன் என்னிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டான், “அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள், விடுவமோ?” என்று. முதல் தரம், அடுப்பில் பருப்பு இருக்கிறது என்று எழும்பிப் போனேன். இரண்டாம் தரம் அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. அப்படியும் எழும்பித்தான் போனேன். இவள் போய்விட்டால் சனிக்கிழமைகளில் நான் எந்த ரயிலில் ஏறுவது? மூன்றாம் தரம் கேட்டால் என் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது அக்கா. அதற்கு முதல் உங்கள் குரல் இந்த வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

அம்பாள் உங்களை நீண்ட நாள் நடமாட வைக்கட்டும்.

உங்கள் போனுக்குக் காத்திருக்கும்
தங்கச்சி
புஸ்பவதி