பேர் இல்லாத வால்யூம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இருமல் குறைஞ்சுதா? போன்ல பேசினா உங்களுக்குக் காது கேட்கல, அதான் லெட்டர். நான் நல்லாத்தான் இருக்கேன்.

எங்க மேனேஜர் உமேஷ் பெரிய மேதாவி. நூறு கம்ப்யூட்டர் டிஸ்க்கை ஒண்ணாச் சேர்த்து, வால்யூம்னு தனித்தனிப் பாகமாப் பிரிச்சு, ஒவ்வொரு சர்வருக்கும் கொடுக்கிறதுதான் எங்க வேலை. வெள்ளிக்கிழமை பேர் வைக்காத வால்யூம் ஒண்ணு அவர் கண்ணுல பட்டுச்சு. "எந்த சர்வர் இதை யூஸ் பண்ணுதுன்னு பார்த்துடலாம் சார்"னேன். "பேரே இல்ல, இதுக்கு என்ன விசாரணை?"ன்னு அவரே அழிச்சாரு. ஒரு ஆஸ்பத்திரியோட எக்ஸ்ரே படமெல்லாம் அதுலதான் இருந்துச்சு. பேக்கப்ல இருந்து மீட்க எங்களுக்கு ரெண்டு நாள் ஆச்சு. மேலிடத்துக்கு அவர் போட்ட மெயில்ல, "டீமின் கவனக்குறைவு"ன்னு இருக்கு. தூ!

நீங்க வேலை பார்த்த சுரங்கத்துல, கீழே இறங்குறப்போ எடுத்துட்டுப் போற டோக்கன் ஒரே ஒருத்தரோடது பலகைக்குத் திரும்பலேன்னாலும், ஆள் இன்னும் கீழேதான் இருக்கான்னு சொல்லி வெடி வைக்க மாட்டீங்களே. ஆறாங்கிளாஸ் படிச்ச உங்களுக்குத் தெரிஞ்சது இந்த எம்.டெக். மண்டையில ஏறல.

ஆபீஸ் கேப் வந்து ஹாரன் அடிக்கிறான். பக்கத்து வீட்டு மெர்சி அக்கா பெங்களூர் வர்றப்போ உங்க பித்தளை டோக்கனைக் கொடுத்தனுப்புங்க. என் ரூம் கதவுல மாட்டணும். நான் திரும்பி வந்தேனான்னு பார்க்க இங்க ஒருத்தரும் இல்ல.

உங்க மகள்
தமயந்தி