உங்களுக்குக் காய்ச்சல் இருக்கவில்லை, ராத்தா

அன்பு ராத்தா,

உங்கள் கப்ருக் குழியில் வெளிச்சம் குறையாதிருக்கட்டும். உங்கள் மகள் ஸப்ரினாவை நேற்று ஆசுபத்திரியில் சேர்த்தோம். வயிற்றில் முப்பத்தொரு வாரப் பிள்ளை. பிரஷர் நூற்றெழுபதைத் தாண்டிவிட்டது. வார்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, உங்கள் தம்பி நான் இதை எழுதுகிறேன்.

இரண்டு கிழமையாகக் கால் வீங்கியிருந்தது. "ஆம்பிளப் புள்ளதான்" என்று வீட்டில் தீர்ப்பாயிற்று. தலையிடி வந்ததும் கறியில் உப்பை நிறுத்தினார்கள். ஜன்னலைத் திறந்தால் உப்பளம் தெரிகிற வீட்டில் வேறு யாரைச் சந்தேகிப்பது? நேற்றுக் காலை, "மாமா, கண் மங்குது" என்றாள். இவளைச் சுமந்தபோது நீங்களும் அதையேதான் சொன்னீர்கள். நான் ஓட்டோ பிடிக்க ஓடினேன்.

டொக்டர் இளம்பெண். பொறுமையாக விளக்கினார். நஞ்சுக்கொடிக்கு இரத்தம் சரியாகப் போகாவிட்டால் அங்கே ஒட்சியேற்றம் மிஞ்சி, துருப்பிடிப்பதுபோல் ஒன்று நடக்குமாம். அது தாயின் இரத்தக் குழாய்களையும் கெடுக்குமாம். சிலருக்கு உடம்பின் காவலே புத்தி மாறி, சொந்த உடம்பை அந்நியமென்று தாக்குமாம். அதைப் பார்க்கவும் இரத்தம் எடுத்திருக்கிறார்கள். துரு எனக்கு விளங்கியது. நம் வீட்டு இரும்புக் கேற்றை உப்புக்காற்று மூன்று முறை தின்றிருக்கிறது. மற்றதும் விளங்கியது. மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு ஒரு பையோடு வந்தவர்களுக்கு, சொந்த இடத்திலேயே அந்நியராவது பற்றிப் பாடம் தேவையில்லை.

பிறகு கிளினிக் கார்ட்டைப் பார்த்தார். "இவங்கட உம்மா காய்ச்சலால இறந்ததா இருக்கு. என்ன காய்ச்சல்?"

அந்தக் காய்ச்சலை உங்களுக்கு வரவழைத்தவன் நான். ஸப்ரினாவுக்கு மாப்பிள்ளை பேசியபோது, உம்மா எப்படி மவுத்தானார் என்று கேட்டார்கள். வலிப்பு என்றால் கலியாணம் அதோடு சரி. காய்ச்சல் கௌரவமான வியாதி. யாரும் மேலே கேட்பதில்லை. ஸப்ரினாவுக்கும் அதையே சொல்லியிருந்தேன். அவள் நம்பிக் கார்ட்டில் எழுதுவித்தாள்.

கட்டிலருகே அவளுடைய மாமியார் சுடுதண்ணிப் போத்தலோடு நின்றார். ஸப்ரினா என்னையே பார்த்தாள்.

"காய்ச்சல் இல்ல டொக்டர். பிரஷர் கூடி வலிப்பு வந்திச்சு. இவளப் பெத்து மறுநாள் மவுத்து."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "முதல்லயே தெரிஞ்சிருந்தா, பன்னிரண்டாம் கிழமையில இருந்து சின்ன ஆஸ்பிரின் ஒண்டு குடுத்திருப்பம். கட்டாயம் தடுத்திருக்கும் எண்டு சொல்ல ஏலா. ஆனா ஒரு வாய்ப்பு இருந்திச்சு."

"நானா, இத ஏன் எங்களுக்கு மறைச்சீங்க?" என்று அண்ணன் முறை சொல்லி என்னைக் கேட்டார் மாமியார். போத்தலின் மூடியை இறுக்கிவிட்டு டொக்டரிடம் திரும்பினார். "மிஸ், என்ட மகன் வயித்துல இருக்கக்குள்ள எனக்கும் இந்தப் பிரஷர்தான். எட்டாம் மாசம் வெட்டித்தான் எடுத்தாங்க. அதையும் எழுதுங்க." பிறகு என்னிடம், தணிந்த குரலில்: "அத நாங்களும் காய்ச்சல் எண்டுதான் சொல்லி வச்சிருந்தம்."

ஆக, இரண்டு குடும்பமும் ஒரே காய்ச்சலை நம்பிச் சம்பந்தம் செய்திருக்கிறோம்.

இப்போது வலிப்பு வராமலிருக்க மருந்து ஏறுகிறது. பிள்ளையின் நுரையீரல் முதிரவும் ஊசி போட்டார்கள். பிரஷர் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. மறுபடி ஏறினால் உடனே பிள்ளையை எடுத்துவிடுவார்களாம். அரை மணிக்கொரு தரம் தாதி உள்ளே போகிறார். வெளியே வரும்போது அவர் முகத்தைப் படிக்கப் பழகிவிட்டேன். அன்று தலையிடி, கண் மங்குது என்றீர்களே, நான் என்ன சொன்னேன், நினைவிருக்கிறதா? "கொஞ்சம் படுங்க, சரியாகும்" என்றேன். அதற்குப் பிறகு நீங்கள் ஏன் ஒன்றும் சொல்லவில்லை?

சற்று முன் ஸப்ரினா என் கையைப் பிடித்தாள். "உம்மாக்கு என்ன நடந்திச்சு? முழுக்கச் சொல்லுங்க மாமா."

"முதல்ல பிரஷர் இறங்கட்டும். வீட்ட வந்து கதைப்பம்" என்றேன்.

இது வாக்கு, ராத்தா. ஒன்றையும் மறைக்காமல், குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன். சொல்ல இவ்வளவு இருக்கிறது. ஆகவே அவள் வீட்டுக்கு வந்தாக வேண்டும்.

கேட்பவர்களிடம் இனிக் காய்ச்சல் என்று சொல்லாத,
உங்கள் தம்பி