மூன்று வீடு எழுதிய அதிகாரம்

ஜூலை 3, 2025, வியாழன்

எழுத்து கோணலாகத்தான் வருகிறது. கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. யார் பார்த்தாலும் மன்னிக்கணும். எழுபத்தொரு வயதுக் கை இதற்கு மேல் வளையாது. இந்தப் பக்கம் நிரம்ப ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். என் பெயர் தருமன். நானே எழுதிய பெயர். செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் முப்பது வருஷம் வாட்ச்மேன். வந்தவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைத் தினமும் துடைத்து வைத்தேன், ஒரு பெயரைக்கூடப் படிக்கத் தெரியாது. போன வருஷம்தான் சபையில் எழுத்துக் கற்றுக்கொண்டேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் என் மனைவி மணியம்மாளை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் கட்டி. அந்தச் சீட்டையும் நானே படித்தேன். படிக்காமல் இருந்திருக்கலாம்.

ஜூலை 6, ஞாயிறு

சபையில் பைபிளைக் கையால் எழுதப் போகிறோம். ஒரு அதிகாரத்தை மூன்று வீட்டில் தனித்தனியாக எழுத வேண்டும். போதகர் என் பெயரையும் வாசித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எனக்கு வந்தது, நாலு நாள் கல்லறையில் கிடந்தவனை ஆண்டவர் உயிரோடு எழுப்பின அதிகாரம். எங்கள் ஒரே பிள்ளை மாறன் லாரியில் அடிபட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து யார் ஜெபிக்க வந்தாலும் மணியம்மாள் இதைத்தான் வாசிக்கச் சொல்வாள்.

ஜூலை 8

ஒரு நாளைக்கு ஆறு வசனம். விரல் வீங்கிவிட்டது. நன்றாக இருக்கிறது.

ஜூலை 11, வெள்ளி

நேற்று பௌர்ணமி. அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருக்கும் மச்சான் வேடியப்பன், கிரிவலக் கூட்டம் ஓய்ந்ததும் அக்காவைப் பார்க்க வந்தான். நாங்கள் சபைக்குப் போனதற்காக அவன் எங்களை விட்டதில்லை. கிண்டலையும் விட்டதில்லை.

"கோபுர வாசல்ல ஒருத்தன் சறுக்கி விழுந்தா, சேதி என் கடைக்கு வரதுக்குள்ள பத்து பேர் செத்துட்டாங்கன்றாங்க. மலையைப் பாதி சுத்துற தூரம்தான் மாமா, அதுக்குள்ளயே இப்படி. உங்க புஸ்தகம் ரெண்டாயிரம் வருஷம் கை மாறி வந்திருக்கு."

மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை. மணியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

ஜூலை 12

கேட்டுவிட்டாள்.

"அப்போ மாறனைப் பார்ப்போம்னு இருந்தேனே, அதுவும் யாரோ சேர்த்துச் சொன்னதுதானா?"

அவளிடம் மிச்சம் இருக்கிறது அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிட்டு எப்படி அனுப்புறது? சும்மா நம்பு என்று சொல்லலாம். நாற்பத்தாறு வருஷத்தில் நான் சும்மா சொன்ன எதுவும் அவளிடம் நின்றதில்லை.

ஜூலை 14

கஞ்சி வேண்டாம் என்றாள். ஜெபிக்க வந்தவர்களையும் போகச் சொல்லிவிட்டாள்.

ஜூலை 18, வெள்ளி

எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் நடுவில் மூன்று வரியைக் காணோம். இரண்டு இடத்தில் ஒரே சொல் வருகிறது, கண் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தாவிவிட்டது. டியூப்லைட் வெளிச்சத்தில், அச்சடித்ததைப் பார்த்து எழுதிய நானே விட்டேன். எண்ணெய் விளக்கில் எழுதினவன் எத்தனை விட்டிருப்பான்?

வேடியப்பன் சொன்னது சரிதான் போல.

ஜூலை 19, சனி

ஒப்பிட்டுப் பார்க்க மூன்று வீட்டுக்காரரும் உட்கார்ந்தோம். நான், நர்ஸ் கீதாஞ்சலி, பஸ் கண்டக்டராக இருந்த புகழேந்தி. என் தப்பைக் கூச்சத்தோடு சொன்னேன்.

"என் நோட்டுல அந்தாளு மூணு நாள்தான் கிடந்தாரு தருமண்ணே. ஒரு நாள் முன்னாடியே எழுப்பிட்டேன்" என்றார் புகழேந்தி. கீதாஞ்சலி ஒரு வரியை இரண்டு தரம் எழுதியிருந்தாள்.

எனக்கு ஒன்று தோன்றியது. அச்சுப் புத்தகத்தை மூடச் சொன்னேன். எங்கள் மூன்று நோட்டை மட்டும் வரிக்கு வரி வைத்துப் பார்த்தோம். நான் விட்டது அவர்கள் இருவரிடமும் இருந்தது. நாலு நாள் என்னிடமும் கீதாஞ்சலியிடமும் இருந்தது. மூன்று பேரும் தப்பு செய்திருந்தோம், ஒரே இடத்தில் செய்யவில்லை. சரிசெய்து முடித்துப் புத்தகத்தைத் திறந்தோம். ஒரு சொல்கூட மாறவில்லை.

பழைய பிரதிகள் ஊர் ஊராக ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன, அவற்றையும் இப்படித்தான் ஒப்பிடுகிறார்கள் என்றார் போதகர். சில இடத்தில் இன்னும் சந்தேகம் உண்டாம். அதை மறைக்காமல் பக்கத்தின் அடியில் போட்டுவிடுவார்களாம்.

வேடியப்பன் கடைக்குச் சேதி ஒரே வழியில் வருகிறது. இது பல வழியில் வந்திருக்கிறது. வீட்டுக்கு வேகமாக நடந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

நேற்று நடந்ததைச் சொன்னேன், மணியம்மாள் முழுக்கக் கேட்டாள். பிறகு, "சரியா எழுதிட்டாங்க. சரி. எழுதினது நடந்துச்சா?"

என் கதையை வைத்தே சொன்னேன். கெஸ்ட் ஹவுஸில் திருடு போனபோது நான் தூங்கிவிட்டேன், முதலாளியிடம் இன்றுவரை சொல்லவில்லை. பொய்யை நிற்க வைக்கப் பார்க்கிறவன் தன் கேவலத்தை வெளியே விடமாட்டான். ஆண்டவரின் சீடர்களோ அவரை விட்டு ஓடினதையும், அவரைத் தெரியாது என்று சத்தியம் செய்ததையும் எழுத்தில் வர விட்டிருக்கிறார்கள்.

"அதனால அவங்களை நம்புறேன். கண்ணால பார்த்தவன் இல்ல நான்" என்றேன்.

"நீ தூங்கினது எனக்கு அப்பவே தெரியும்யா" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜூலை 25

வலி ஜாஸ்தி. அவள் வாசிக்கச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 2, சனி

வியாழக்கிழமை மணியம்மாளை அடக்கம் செய்தோம். ஆட்கள் இருந்தும் வேடியப்பன் தானே குழிக்குள் இறங்கி மண்ணை ஒதுக்கிக் கொடுத்தான்.

புதன் மத்தியானம் அவளாகத்தான், "வாசிய்யா" என்றாள். விட்ட மூன்று வரியையும் ஓரத்தில் சேர்த்திருந்தேன். என் நோட்டிலிருந்தே எழுத்துக்கூட்டி வாசித்தேன். ரொம்ப நேரம் ஆயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை. முடித்ததும், கடைக்குப் புறப்படுகிறவள் என்ன வாங்கணும் என்று கேட்கிற மாதிரி கேட்டாள்:

"மாறனைப் பார்த்தா என்ன சொல்லட்டும்?"

"அப்பன் படிக்கக் கத்துக்கிட்டான்னு சொல்லு" என்றேன்.

இன்றைக்கு இதற்கு மேல் கை வரவில்லை. அடுத்த வாரமும் உட்கார்ந்து ஒரு பக்கமாவது எழுதணும். வீட்டில் பேச ஆள் இல்லை.