காலியாக இருந்த மூன்றாம் பாகம்

எனோரா,

அடுப்பில் லீக்ஸ் தண்டு சூப் இருக்கிறது, சுடவைத்துக் குடி. சாவியைக் கீழ்வீட்டு மரிவோனிடம் கொடுத்துவிட்டு வா.

நேற்று உன் பள்ளிக் கட்டுரைத் திட்டத்தைப் பார்த்துக் கத்தியது என் தப்பு. உங்கள் பாட நாவலில் வரும் கணவன், மனைவிக்குச் சாவு நெருங்கிவிட்டதை அவளிடமே மறைக்கிறான். அவன் செய்தது சரியா என்பது கேள்வி. முதல் பாகத்தில் சரி என்கிறாய், இரண்டாவதில் தப்பு என்கிறாய். "என்னைக் குத்திக்காட்டத்தானே எழுதுற? அதுலயும் ரெட்டை நாக்கு!" என்றேன். நீ அழவில்லை. "கேள்வி டீச்சர் குடுத்ததுப்பா. ரெண்டு பக்கமும் வாதாடித்தான் ஆகணும். மூணாவது பாகத்துலதான் நம்ம முடிவு" என்றாய்.

காலையில் நீ திட்டம் எழுதியிருந்த பச்சை வரைவுத் தாளை மறுபடி படித்தேன். அம்மாவிடம் சொல்லாதே என்று உன்னைத் தடுத்தபோது நான் அடுக்கிய காரணங்கள் எல்லாமே முதல் பாகத்தில் இருக்கின்றன. எனக்காக நன்றாகவே வாதாடியிருக்கிறாய். இரண்டாவதில் ஒரே ஒரு வரி: 'யாரிடமும் விடைபெறாமல் அவள் போகிறாள்.' மூன்றாவது காலி.

இன்று மீன் ஏலத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். நாலு மணிக்கு நீ வரும்போது அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

அப்பா

சூப்பில் உப்பு போட மறந்துவிட்டேன்.

இன்னொன்று. வழக்கம்போல அறைவாசலில் நின்று சிரிப்பை வரவழைத்துக்கொள்ள வேண்டாம். அழுகை வந்தால் அழுதுகொண்டே உள்ளே வா.