தமிழில் மட்டும் இல்லாத ஒரு வரி

போன வாரம் என் மேசைக்குக் கீழே இருந்த அட்டைப்பெட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள். மருத்துவமனை முழுக்கப் புதுத் திரைகள் மாட்டுகிறார்கள். பழைய வீடியோக்களை அதற்கு மாற்ற வேண்டும், பழைய காகிதங்களைக் கிழித்துப் போட வேண்டும். கிழிக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நடுவில் உன் கையெழுத்து வந்தது. இன்சுலின் பேனா வீடியோவுக்கான தமிழ் வாசகம், இரண்டு பக்கம், அடியில் பச்சை மையில் உன் கையொப்பம். அதை மட்டும் கொடுக்கக் கை வரவில்லை. பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன். கிளமெண்டியில் இறங்க வேண்டியவள் இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்த்தான் இறங்கினேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட ஒன்று அந்தத் தாளில் இருக்கிறது. சொல்ல எவ்வளவோ நாள் இருந்தது. நீ போய் ஒரு வருஷம் ஆன பிறகு எழுத உட்கார்ந்திருக்கிறேன். என் லட்சணம் உனக்குத் தெரியாததா.

நாம் பழகியதே இந்த வீடியோக்களால்தான். ஆறாவது மாடி வார்டில் நீ தாதி. மூன்றாவது மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், நோயாளிகளுக்கான வீடியோக்களை வெட்டி ஒட்டுவது என் வேலை. மருந்து எடுப்பது எப்படி, புண்ணுக்குக் கட்டுப் போடுவது எப்படி என்று ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கிலும் செய்வோம். தமிழைச் சரிபார்க்கத் தாதி ஒருவர் வேண்டும் என்றதும் நீதான் வந்தாய். தூத்துக்குடியிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகியும் உன் பேச்சு மட்டும் ஊரைவிட்டுக் கிளம்பவே இல்லை. முதல் நாளே, “ஏட்டி, உன் சினிமாவுக்கு டிக்கெட் உண்டா?” என்று கேட்டாய். என்னைவிட நீ மூன்றே மாதம் மூத்தவள். அது தெரிந்த பிறகு அந்த ‘ஏட்டி’க்கு உரிமையே வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வருவாய். நான் தேக்கா சந்தையில் மேசை பிடித்து வைத்திருப்பேன். தோசைக்கு முன்னால் நம் வாயில் விழுவது வார்டுக் கதைதான். படுக்கையோரத் திரையில் வீடியோ முடிந்ததும் ‘உங்களுக்குப் புரிந்ததா?’ என்று ஒரு கேள்வி வருமே, அதைக் கண்டாலே உனக்கு ஆகாது. எல்லாரும் ‘ஆம்’ என்றுதான் அமுக்குவார்கள். “இல்லைன்னு அமுக்கினா வீட்டுக்கு விடமாட்டாங்கன்னு நெனைக்காவ” என்பாய். ஆனால் மாதாந்திர அறிக்கையில் அந்த ‘ஆம்’களைப் பார்த்து எங்கள் மேலாளருக்கு முகம் மலரும். எனக்கும்தான் மலரும், பொய் சொல்வானேன்.

இன்சுலின் வீடியோவுக்கு வருகிறேன். ஒவ்வொரு மொழிக்கும் இரண்டு நிமிடம். ஒரு விநாடி கூடினாலும் பழைய திரைகளில் ஏற்ற முடியாது. ஆங்கிலக் குரலுக்கு ஏற்றபடி முதலில் படத்தை வெட்டிவிடுவோம், மற்ற மூன்றும் அதே படத்தின்மேல் உட்கார வேண்டும். தமிழ் கொஞ்சம் நீளும். அன்று பதினோரு விநாடி நீண்டுவிட்டது. குரல் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விட்டார், மறுநாள் காலை வீடியோ ஓட வேண்டும். நீ கையொப்பமிட்ட வாசகத்திலிருந்து ஒரு வரியை வெட்டினேன். மருந்து முழுவதும் உள்ளே போன பின்னும் ஊசியை எடுக்காமல், பத்து வரை எண்ணிவிட்டு எடுங்கள் என்ற வரி. படத்தில்தான் கை அசையாமல் இருப்பது தெரிகிறதே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். படத்தில் அது இரண்டு விநாடிதான் தெரிந்தது. பத்து விநாடி ஒரு கை சும்மா இருப்பதை யார் பார்ப்பார்கள் என்று அதையும் நானே குறுக்கியிருந்தேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்கமாட்டாய்.

கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் முருகேசன் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் ஊசி போடக் கற்றுக்கொண்டார். அவர் முதலில் சேர்ந்திருந்த வார்டில் அன்று தமிழ் தெரிந்த தாதி யாரும் இல்லை. திரையைப் போட்டுக் காட்டினார்கள், மூன்று தடவை பார்த்தார், ‘ஆம்’ அமுக்கினார், வீட்டுக்குப் போனார். இரண்டு மாதமாகச் சர்க்கரை இறங்கவே இல்லை. டாக்டர் அளவைக் கூட்டினார். அப்போதும் இறங்கவில்லை. ஊசியே போடாமல் பொய் சொல்கிறார் என்று சந்தேகம் வந்தது. பட்டறையில் உயரத்தில் ஏறி வேலை செய்யக்கூடாது என்று நிறுத்தி வைத்தார்கள். அடுத்தது ஊருக்கு அனுப்புவதுதான். அந்த நிலையில் உன் வார்டில் வந்து படுத்தார்.

நீ அவரிடம் புரிந்ததா என்று கேட்கவில்லை. பேனாவைக் கையில் கொடுத்து, “செஞ்சு காட்டுங்க தம்பி” என்றாய். எல்லாம் சரியாகச் செய்தார். குத்தினார், அமுக்கினார், உடனே எடுத்துவிட்டார். ஊசி முனையிலும் வயிற்றிலும் மருந்து சொட்டியது. ஏன் உடனே எடுத்தீர்கள் என்று கேட்டாய்.

“டிவில அப்படித்தான் காட்டுனாங்க சிஸ்டர்.”

அவருக்குச் சரியான முறையைச் சொல்லித்தருவதற்கு முன்னால் நீ டாக்டரைக் கூப்பிட்டாய். கூட்டி வைத்த அளவு முழுதும் உள்ளே போனால் சர்க்கரை தாறுமாறாக இறங்கி ஆளே விழுந்துவிடுவார் என்று உனக்குத்தான் உடனே உறைத்தது. அளவைக் குறைக்க வைத்த பிறகே பத்து எண்ணச் சொல்லிக் கொடுத்தாய். நான்காவது நாள் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. பட்டறைக்குக் கடிதம் போயிற்று. அவர் ஊருக்குப் போகவில்லை.

அப்புறம் நடந்த கூட்டத்தில் மேலாளர், தமிழைச் சரிபார்த்தது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, “நான்தான் பாத்தேன். எனக்குத்தான் கண்ணு தப்பிருச்சு” என்றாய். உன்னிடம் அந்தத் தாளின் நகல் இல்லை. ஷிப்ட் முடிந்த களைப்பில் படித்தது, அந்த வரி இல்லாததைக் கவனிக்காமல் விட்டிருப்போம் என்று நீயாகவே முடிவு செய்துவிட்டாய். அந்த வரியோடு தாள் என் பெட்டிக்குள் இருந்தது. மேலாளர் குறித்துக்கொண்டார். நான் தண்ணீர் குடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

திருத்திய வீடியோவை வெளியிடும் முன் முருகேசனை என் அறைக்கு அழைத்து வந்தாய். இவர் பார்த்து பாஸ் போட்டால்தான் வெளியே போகும் என்றாய். நல்ல யோசனைதான், அன்றிலிருந்து அதையே வழக்கமாக்கிவிட்டோம். ஆனால் எனக்கு நினைவிருப்பது வேறு. படம் முடிந்ததும் நீ அவரிடம் மன்னிப்புக் கேட்டாய். அவர் பதறிப்போய், நான்தான் சரியாகப் பார்க்கவில்லை போல சிஸ்டர் என்று உன்னிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு பேரும் மாறி மாறித் தப்பைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தீர்கள். தப்பு செய்தவள் உங்கள் நடுவில் உட்கார்ந்து மவுஸை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் நோயாளிகளுக்குக் கற்றுத்தரும் தாதி என்று ஒரு பதவி வந்தது. உனக்கென்றே அளந்து தைத்த மாதிரி வேலை. நீ மனுவே போடவில்லை. “போடு லா” என்று இந்த ஊர்ப் பேச்சில் தேக்காவில் உன்னோடு சண்டை பிடித்தேன். “கண்ணு தப்புறவளுக்கு அது எதுக்குட்டி?” என்று சட்னியைத் தொட்டுக்கொண்டு சொன்னாய். அந்த ஒரு நிமிடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் போதும், நீ மனு போட்டிருப்பாய். என் வேலை போய்விடுமோ என்று பயந்தேன். அதைவிட, நீ என்னை எப்படிப் பார்ப்பாய் என்று பயந்தேன்.

கடைசியில் நீயே படுக்கையில் கிடந்தபோதும் விட்டாயா? குரலும் இல்லை, தெம்பும் இல்லை. “அந்தத் தம்பி நல்லா இருக்காரா?” என்று கேட்டாய். நன்றாக இருக்கிறார் என்றேன். யாரும் குறுக்கே வரவில்லை, மணி எதுவும் அடிக்கவில்லை. அறையில் நாம் இரண்டே பேர். உன் ஆங் மோ கியோ வீட்டுச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

நேற்று நீரிழிவு க்ளினிக்கில் புதுத் திரையைச் சோதிக்கப் போயிருந்தேன். முருகேசன் தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். தலை நரைத்துவிட்டது, பட்டறையில் இப்போது மேற்பார்வையாளராம். சிஸ்டர் எப்படி இருக்கிறார் என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். கையிலிருந்த வரிசை எண் சீட்டை நாலாக மடித்தார். பிறகு, தான் அன்று ஒழுங்காகப் பார்த்திருந்தால் சிஸ்டருக்கு அந்தக் கெட்ட பெயர் வந்திருக்காது என்றார். இத்தனை வருஷமாக அவரும் அதைச் சுமந்திருக்கிறார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “நீங்க சரியாத்தான் பாத்தீங்க. சிஸ்டரும் சரியாத்தான் பாத்தாங்க. அந்த வரிய நான்தான் வெட்டினேன்” என்றேன்.

திரையில் அவருடைய எண் வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

“சிஸ்டருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லியிருக்கலாம் அக்கா” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். இரண்டாவது தடவை எண் வந்தபோது எழுந்து போனார்.

இன்று காலை மேலாளரின் அறைக்குப் போய் அந்தத் தாளை அவர் முன்னால் வைத்தேன். பழைய அறிக்கையில், சரிபார்த்தவரின் கவனக்குறைவு என்று இருப்பதை எடுத்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னேன். அவருக்குத் தர்மசங்கடம். இத்தனை வருஷம் கழித்து எதற்கு, அந்தத் தாதியும் இப்போது இல்லையே என்றார். அவள் இருந்தபோது செய்யவில்லை, அதனால்தான் என்றேன். மாற்றுவதாகச் சொன்னார். மாற்றிவிடுவார்கள், அது பெரிய வேலை இல்லை. நீ போடாமல் விட்ட மனுவை யாரும் போட முடியாது. உன் கண் ஒருநாளும் தப்பியதில்லை என்பதை நீ தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய். என்னை நீ திட்டியிருப்பாய், ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய், பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எதிரே உட்கார்ந்திருப்பாய். அது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லவில்லை.