வெள்ளைக் கோழியின் சாட்சி

ஆம்பூர், 6 பிப்ரவரி 1934

பக்கத்து வீட்டு ஜஹீருன்னிசா அக்காவின் வெள்ளைக் கோழி குஞ்சு பொரித்துவிட்டது. குஞ்சுகளில் பாதி கறுப்பு, பாதி வெள்ளை. சதக்கா தானம் கொடுப்பவர்களும் அம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்களும் முழுக்கறுப்புதான் கேட்பார்கள். அக்காவின் பிழைப்பே அதுதான். அவர் சேவல் சுத்தக் கறுப்பு என்று வாலாஜாபேட்டை வரை பேர். கறுப்புப் பெட்டைகளோடு சேர்த்து, குஞ்செல்லாம் கறுப்பாகவே பிறந்ததைப் பார்த்து, ஸயன்ஸ் டீச்சர் என்ற மிதப்பில் நானும் நற்சான்று கொடுத்திருந்தேன்.

“எங்கியோ மேய்ஞ்சிட்டு வந்துக்குது, ரோஸ். வெள்ளிக்கிழமை சால்னாதான்” என்கிறார். அந்தச் சேவலோடு அடைத்திருந்த பஞ்சாரக் கூடையை விட்டு அது எங்கே போயிற்று? வாயில்லாத ஜீவன் மேல் பழி.

7 பிப்ரவரி

கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் சாம்பல்தானே வரணும் என்கிறார் அக்கா. அந்திமந்தாரையில் அப்படித்தான் — சிவப்பும் வெள்ளையும் கலந்து ரோஜா நிறம். இங்கே ஒன்றுகூட சாம்பல் இல்லை. அப்போ இது அந்தக் கலப்பு இல்லை. பின்னே?

சாயங்காலம்

புரிந்துவிட்டது. எழுதும் அவசரத்தில் மையைக் கொட்டிவிட்டேன். சேவலுக்குள் வெள்ளை ஒளிந்திருந்தாலும் கறுப்புப் பெட்டையின் கறுப்பு அதை மூடிவிடும். நான் பார்த்ததெல்லாம் அந்தக் கலப்பு. வெள்ளைப் பெட்டையிடம் மூடுவதற்குக் கறுப்பே இல்லை. சேவல் சுத்தமென்றால் குஞ்சு அத்தனையும் கறுப்பு. கலப்படமென்றால் பாதிக்குப் பாதி. சோதனைக் கலப்பு! வருஷாவருஷம் கரும்பலகையில் எழுதுகிறேன், கொல்லையில் நடந்தால் தெரியலை. இன்னா டீச்சர் நான்.

8 பிப்ரவரி

சொன்னேன். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“கோழிக்கு வக்காலத்து வாங்கி என் சேவலை குத்தம் சொல்றியா?”

“ரெண்டையும் என் கொல்லைல அடைச்சு வைக்கிறேன்க்கா. இன்னொரு தரம் அடை வெச்சிப் பாக்கலாம். மறுபடியும் பாதிப் பாதி வரலைன்னா சால்னா.”

வாய் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது.

19 மார்ச்

முட்டையிட ஆரம்பித்துவிட்டது. இன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

2 மே

பொரித்துவிட்டது. கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு... பாதிக்குப் பாதி! அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். வேற சேவல் கிட்ட வர வழியில்லை என்று அவருக்கே தெரியும். குனிந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பிறகு சேவலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கோழியை விட்டுவிட்டுப் போனார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

15 ஜூன்

நயீம் அகமது பாய் ஒரு கருஞ்சேவலை விற்கக் கொண்டுவந்தார். சுத்தக் கறுப்பு, ஏழு தலைமுறை என்று சத்தியம் செய்தார். அக்கா சேவலைக் கையில் வாங்கி, நேராக என் கொல்லைக்கு வந்து வெள்ளைக் கோழியின் பஞ்சாரத்தைத் தூக்கி உள்ளே விட்டார்.

“இருங்க பாய். எங்க வெள்ளச்சியக் கேட்டுட்டு சொல்றேன்.”